ஏழு குறிஞ்சி

அப்பத்தாவின் இறப்புச் சான்றிதழில் வயது 77 என்று இருக்கிறது. பெரியப்பாவின் பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்த வருஷம் 1952. இரண்டும் சரி என்றால் அப்பத்தா ஏழு வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் அப்பா இதைச் சொல்லிப் பார்த்தார். "ஆதார்ல இருக்கிறதைத்தாங்க நாங்க போட முடியும்" என்று பதில் வந்தது. அந்த மனிதரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆதாரில் 01/01/1945 என்றுதான் இருக்கிறது. எங்கள் ஊரில் வயசானவர்களில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.

இந்த 1945 எங்கிருந்து வந்தது என்பதற்கு வீட்டில் ஒரு கதை உண்டு. 1995 வாக்கில் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்தார்கள். பள்ளிக்கூடத் திண்ணையில் ஸ்டூல் போட்டு ஒவ்வொருத்தராக உட்காரவைத்து எடுத்தார்கள். "வயசு என்ன பாட்டி?" என்று கேட்டதற்கு அப்பத்தா, "அஞ்சு குறிஞ்சி பாத்திருக்கேன்" என்றது. எழுதுகிறவர் சிரித்துவிட்டு, அவ்வளவாக நரைக்காத தலையைப் பார்த்து 50 என்று எழுதிக்கொண்டார். அந்த 50 ஒவ்வொரு அட்டையாகத் தாவி ஆதாருக்குப் போய், கடைசியில் சான்றிதழில் வந்து உட்கார்ந்துவிட்டது. முதியோர் உதவித்தொகை அப்பத்தாவுக்குப் பத்து வருஷம் தாமதமாகத்தான் கிடைத்தது. அதைப் பற்றிப் புலம்பியதே இல்லை. "அம்பதுன்னு எழுதிட்டான் சாமி" என்று சொல்லிச் சிரிக்கும். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்பத்தா போனது 2022 தை மாதம். நான் இதை எழுதுவது அந்த வயதைத் திருத்துவதற்காக. எந்த அலுவலகத்திலும் இது செல்லாது. இருந்தாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே.

அப்பத்தா பிறந்தது பூம்பாறையில். கட்டிக்கொடுத்தது தாண்டிக்குடிப் பக்கம். மேல்மலையிலிருந்து கீழ்மலைக்கு வந்த பெண். "நான் வயித்துல இருக்கையில குறிஞ்சி பூத்துச்சு. எங்காத்தா குறிஞ்சித்தேன் குடிச்சுத்தான் என்னையப் பெத்துச்சு" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. அப்பத்தாவிடம் இருந்த ஒரே பிறப்புச் சான்றிதழ் இந்த வாக்கியம்தான்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது எல்லோருக்கும் தெரியும். அது எவ்வளவு கறாரான கணக்கு என்பது அவ்வளவாகத் தெரியாது. பூத்த வருஷங்களின் பட்டியல் 1838-லிருந்து இருக்கிறது. 1850, 1862, 1874 என்று பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 1934, 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018. ஒரு செடி முளைத்து, பன்னிரண்டு வருஷம் சும்மா நின்று, ஒரே ஒரு தடவை பூத்து, விதை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகிறது. மலைச்சரிவு முழுக்க ஒன்றாகப் பூத்து ஒன்றாகவே சாகும். விதையிலிருந்து அடுத்த தலைமுறை ஒன்றாக முளைக்கும். அதனால்தான் கணக்கு தப்புவதில்லை. பழனி மலையின் பளியர்கள் குறிஞ்சியை வைத்து வயது சொன்னார்கள் என்று புத்தகங்களில் வியப்போடு எழுதுகிறார்கள். பளியர்கள் மட்டுமல்ல, எங்கள் வீட்டுக் கிழவியும் அப்படித்தான் சொன்னது. இதில் வியக்க என்ன இருக்கிறது? ஜனவரி ஒன்றைவிட நல்ல கணக்கு.

ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1836-ல் இந்த மலைக்கு வந்து செடிகொடிகளைப் பற்றி எழுதினார். இரண்டு வருஷம் கழித்து வந்திருந்தால் மலையே நீலமாகக் கிடந்ததைப் பார்த்திருப்பார். அதற்கும் முன்னால் 1821-ல் நில அளவைக்காக வந்தவர் பி. எஸ். வார்டு. மலையின் எழுதப்பட்ட வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படி வந்துபோனவர்களின் குறிப்புதான். இருந்தவர்கள் எழுதவில்லை. எண்ணினார்கள்.

கணக்குப்படி அப்பத்தா பிறந்தது 1934 கடைசியிலோ 1935 தொடக்கத்திலோ இருக்க வேண்டும். போகும்போது வயது 87. பெரியப்பாவைப் பெற்றபோது பதினேழு. இப்போது எல்லாம் பொருந்துகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்னையில் இருந்த வானாய்வகத்தை வெள்ளைக்காரர்கள் 1899-ல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். 1904-லிருந்து அங்கே மேகம் மறைக்காத நாட்களில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். ஆரம்பத்தில் கண்ணாடித் தட்டுகளில் எடுத்தவை. இன்று அவற்றையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டார்கள். சூரியனின் புள்ளிகளை ஆராய்கிறவர்களுக்கு உலகத்தில் இதுபோல நீளமான தொடர் பதிவுகள் குறைவு. அப்பத்தா பிறந்த அன்றைக்குச் சூரியன் எப்படி இருந்தது என்பது, வானம் வெளுத்திருந்தால், பூம்பாறையிலிருந்து ஒரு நடைத் தூரத்தில் பத்திரமாக இருக்கிறது. எந்த நாள் என்பதுதான் தெரியாது. சூரியனுக்கு முப்பது வருஷப் படம் சேர்ந்த பிறகு பிறந்த அப்பத்தாவை முதன்முதலில் படம் எடுத்தது அந்த வாக்காளர் அட்டைக்குத்தான். அறுபது வயதில்.

*

1946 குறிஞ்சி அப்பத்தா கண்ணால் பார்த்த முதல் குறிஞ்சி. பன்னிரண்டு வயசுப் பெண். அவங்க அம்மாவோடு உருளைக்கிழங்கும் பூண்டும் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கொடைக்கானலுக்கு நடக்கும். வழியெல்லாம் நீலம். "பூவப் பாத்து நின்னா அடி விழும். வெரசா நடக்கணும், சந்தை கலைஞ்சிரும்." தேனீக்கள் மட்டும் நன்றாக நினைவிருந்தது அப்பத்தாவுக்கு. காதுக்குள்ள ஆறு ஓடுற மாதிரி சத்தம் என்று சொல்லும்.

அந்தச் சந்தைக்கு வந்த துரைசானிகள், அவர்களுடைய பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கின பள்ளிக்கூடம், 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் கரை கட்டி உண்டாக்கிய ஏரி, இதெல்லாம் கொடைக்கானல் வரலாறு என்று எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் கிடைக்கும். கொடைக்கானல் என்ற ஊரே சாவுக்குப் பயந்து உண்டான ஊர் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. 1834-ல் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியது. பத்து வருஷத்துக்குள் காய்ச்சலிலும் காலராவிலும் பலர் செத்துப்போனார்கள். முதலில் சிறுமலைக்கு ஓடிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல். பிறகு 1845-ல் பழனி மலையின் மேலே வந்து சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் கட்டினார்கள். ஊர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிழைக்க வந்தவர்களையும் சாவு விட்டுவிடவில்லை. பழைய மிஷனரிகளின் கல்லறைகள் அந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. பாசி ஏறின கற்களில் பேர், பிறந்த நாள், இறந்த நாள். நாள் வரைக்கும் சுத்தமாக.

முன்பெல்லாம் அந்தக் கற்களைப் பார்க்கையில் எனக்குத் தோன்றாத பொறாமை, அப்பத்தா போன பிறகு தோன்றியது. இத்தனை தூரத்திலிருந்து வந்து செத்தவர்களுக்கு நாள் தெரிகிறது.

மோட்டார் ரோடு வருவதற்கு முன் அவர்கள் மேலே வந்தது பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையில். நடக்க முடியாதவர்களை டோலியில் வைத்து ஆட்கள் தூக்கி வந்தார்கள். அடிவாரத்தில் முப்பத்தைந்து டிகிரி வெயில், மேலே போகப் போகக் குளிர், தோளில் ஒரு துரை. அப்பத்தாவின் அம்மா வழித் தாத்தா டோலி தூக்கினவர் என்று சொல்வார்கள். அவர் பேர்கூட அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. "தோள்ல காய் காச்சிருக்குமாம்" என்று மட்டும் சொன்னது. ஒரு மனிதரைப் பற்றி மிஞ்சியது அவ்வளவுதான், தோளில் ஒரு தழும்பு.

1958-ல் அப்பத்தா மூன்றாவது பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தது. 1970-ல் கீழ்மலையில் நிலைமை நன்றாக இருந்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலே மாறிவிடும். காப்பிக்கு நடுவில் வாழை, வாழைக்கு நடுவில் ஆரஞ்சு. விருப்பாச்சியும் சிறுமலையும் தார் தாராக மட்டக்குதிரையில் இறங்கும். மழைத் தண்ணியை மட்டும் குடித்து வளர்கிற மலைவாழை அது. பழம் சின்னது. தோல் கறுத்தால்தான் ருசி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிதான் போக வேண்டும். மற்ற வாழையில் ஈரம் அதிகம், கெட்டுவிடும். அப்பத்தாவின் கழுத்தில் கடைசி வரைக்கும் கிடந்த சங்கிலி அந்த வாழையில் வந்தது.

அடுத்த குறிஞ்சிக்குள் எல்லாம் போய்விட்டது. முடிக்கொத்து நோய். வாழை அசுவினி பரப்புகிற வைரஸ். குருத்து இலைகள் விரியாமல் உச்சியில் கொத்தாக நின்றுவிடும், தார் வராது. மருந்து கிடையாது. மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். எழுபதுகளில் கீழ்மலையின் வாழைத் தோட்டங்களில் பெரும்பகுதி இப்படிப் போயின. இதைப் பற்றி வேளாண்மைக் கட்டுரைகள் நிறைய உண்டு. நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பில் உண்டாக்கி மறுபடி நட்டதும், 2008-ல் விருப்பாச்சிக்கும் சிறுமலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததும் அவற்றில் இருக்கும். தன் கையால் வைத்த மரத்தைத் தன் கையால் தோண்டினவர்கள் ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இருக்காது. "உங்க தாத்தா ரெண்டு நாள் மம்பட்டியத் தொடல. நாந்தான் மொத மரத்த வெட்டுனேன்" என்று அப்பத்தா சொன்னதை நான் இங்கே எழுதிவைக்கிறேன். 1982 குறிஞ்சியின்போது வீட்டில் குதிரை இல்லை.

1994 குறிஞ்சியைப் பற்றி அப்பத்தா பேசியதில்லை. தாத்தா இறந்த வருஷம்.

2006-ல் குறிஞ்சிக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். கார்கள் வரிசையாக ஏறின. பூவைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள் என்பது அப்பத்தாவுக்கு நம்ப முடியாததாக இருந்தது. பூவைப் பார்த்து நின்றால் அடி விழுந்த காலத்து ஆள் அல்லவா.

2018-ல் நான்தான் ஜீப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பூம்பாறைக்கு மேலே ஓர் இடத்தில் இறக்கிவிட்டேன். எண்பத்துமூன்று வயசு. கம்பை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றது. நான் பூவைப் பார்க்கிறது என்று நினைத்தேன். "இங்கிட்டுப் புல்லுல்ல இருந்துச்சு" என்றது. எதிர்ச்சரிவு முழுக்க வாட்டிலும் பைனும். மேல்மலையின் புல்வெளிகளில் வனத்துறை இவற்றைப் பெருமளவில் நட்டது. குறிஞ்சி வளர்வது புல்வெளியில்தான். நிழலில் அது வாழாது. அப்பத்தா தேடியது பூவை அல்ல, பூ நின்றிருந்த இடத்தை. பிறகு, "ஏழு" என்றது விரலை மடக்கி. அந்த வருஷம் நவம்பரில் கஜா புயல் வந்து எங்கள் சில்வர் ஓக் மரங்களைக் காப்பிச் செடிகளின் மேல் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அப்பத்தா தோட்டத்துக்குப் போகவில்லை.

*

தாண்டிக்குடியைச் சுற்றிக் கல்திட்டைகள் நிறைய. பெருமாள்மலை, பேத்துப்பாறை, மச்சூர் என்று மலை முழுக்கவே இருக்கின்றன. நாலு பக்கமும் பலகைக் கல் நட்டு மேலே ஒரு பெரிய கல் மூடிய சின்ன அறைகள். உள்ளே ஒரு ஆள் குனிந்துதான் போக முடியும். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு கூட்டம் இருக்கிறது. அப்பத்தா அதைப் பாண்டவரு வீடு என்றும் சொல்லும், குள்ளரு வீடு என்றும் சொல்லும். சின்ன வயசில் அங்கே போய் விளையாடிவிட்டு வந்தால் திட்டாது. "உள்ள ஒண்ணுக்குப் போகலேல்ல?" என்று மட்டும் கேட்கும்.

ஆங்கிலாட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் இவற்றைத் தேடித் தேடி அளந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. இன்றைக்கும் பழனி மலையின் கல்திட்டைகள் என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இவற்றில் பல வெறும் பாறையின் மேல் நிற்கின்றன. தோண்டிப் புதைக்க மண்ணே இல்லாத இடம். அதனால் இவை பிணத்தைப் புதைத்த இடங்களா, எலும்புகளை மட்டும் எடுத்து வைத்த இடங்களா, இறந்தவர் நினைவுக்கு எழுப்பிய வீடுகளா என்று பேச்சு நீண்டுகொண்டே இருக்கிறது. எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது. ஆதாரத்தினால் இல்லை, ஆசையினால். இதை ஆய்வாளர்கள் யாரும் படித்தால் மன்னிக்கவும்.

குள்ளர் வீடு என்பதற்கு அப்பத்தாவிடம் ஒரு விளக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் ஆட்களுக்குச் சாவே வராதாம். வயசாக வயசாகச் சுருங்கிக்கொண்டே போவார்களாம். பூனைக்குட்டி அளவு ஆனதும் விளக்கு மாடத்தில் தூக்கி வைத்துவிடுவார்களாம். அதுவும் முடியாதபோது கொஞ்சம் சோறும் தண்ணியும் வைத்து இந்தக் கல்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். சமவெளியில் இதே கதையை முதுமக்கள் தாழிக்குச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிற கதைதான். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, அப்பத்தாவே கட்டிய கதை என்று நினைத்திருந்தேன்.

கடைசி வருஷம் அப்பத்தா உண்மையிலேயே சுருங்கியது. கட்டிலிலிருந்து தூக்கி வெயிலில் உட்காரவைக்க நான் ஒருத்தனே போதும். ஒருநாள் தூக்கும்போது என் காதில், "மாடத்துல வச்சிரு சாமி" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் திண்ணையில் இறக்கிவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அப்பத்தாவுக்கு வாய்க்கரிசி போடும்போது எனக்கு நினைவுக்கு வந்தது பொருந்தல். பழனிக்குத் தென்மேற்கே, மலையின் அடிவாரத்து ஊர். 2009, 2010-ல் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். தாண்டிக்குடியிலும் அகழாய்வு நடத்தியவர் அவர்தான். பொருந்தலில் ஒரு கற்பதுக்கைக்குள் நாலு கால் வைத்த ஜாடி ஒன்று கிடைத்தது. உள்ளே சுமார் 2 கிலோ நெல். அதே குழியில் இருந்த பானைத் தாங்கி ஒன்றில் தமிழ் பிராமி எழுத்துகள். நெல்லை அமெரிக்காவுக்கு அனுப்பிக் காலம் கணித்தார்கள். கி.மு. 490 என்று வந்தது. உடனே எழுத்தைப் பற்றிப் பெரிய விவாதம் கிளம்பியது. பிராமி அசோகருக்கு முந்தியதா, ஒரு கணிப்பை வைத்து முடிவு செய்யலாமா என்று. தேவையான விவாதம்தான். ஆனால் அந்தச் சத்தத்தில் நெல் வெறும் ஆதாரமாகிவிட்டது. யாரோ ஒருத்தர் செத்துப்போனார். வீட்டில் இருந்தவர்கள் ஒரு ஜாடி நிறைய நெல்லைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தார்கள். போகிற இடத்தில் பசிக்குமே என்றுதானே?

மலையில் அரிசிச் சோறு என்பது அப்பத்தாவின் சின்ன வயசில் தீபாவளி, பொங்கலுக்குத்தான். மற்ற நாளெல்லாம் சாமையும் கேப்பையும். "நெல்லுச்சோறு" என்று அப்பத்தா சொல்லும்போது அந்தச் சொல்லிலேயே ஒரு வாசம் இருக்கும். பேரப்பிள்ளைகள் சோற்றை மீதம் வைத்தால் மட்டும்தான் அது கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வரிசையில் நின்று, நனைத்த பச்சரிசியை மூன்று தடவை வாயில் போட்டேன். பெரியப்பா, எழுபது வயசு மனிதர், போட்டுவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். யாரோ தோளைத் தொட்டு நகர்த்தினார்கள்.

எங்கள் தோட்டத்தின் மேல் மூலையில், தாத்தாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனபோது மண் கிளறிக் கிடந்தது. கொஞ்சம்தான். காட்டுப்பன்னி. அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போனார்கள். கஜாவில் இடிந்த கல்கட்டிலிருந்து பலகைக் கற்களாகப் பார்த்து எடுத்தார்கள். நாங்கள் ஆறு பேர் சுமந்துகொண்டு ஏறினோம். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என்று நட்டு, மேலே பெரிய கல்லைச் சாய்த்து மூடினார்கள். இருட்டுகிற வரைக்கும் ஆயிற்று. பேர் எழுத வேண்டாமா என்று நான் கேட்டேன்.

"எழுதிக்கலாம். மொதல்ல பன்னி நோண்டாம இருக்கணும்ல" என்றார் அப்பா.

இன்னும் எழுதவில்லை. எழுதும்போது 1934 என்று போடச் சொல்லியிருக்கிறேன்.